சிறகு முளைத்த கிழவர்

‘2.0’ படம் ஒரு சாவில் தொடங்குகிறது. செல்போன் கோபுரம் ஒன்றில் ஒரு கிழவர் ஏறிக்கொண்டிருக்கிறார். கூன் விழுந்த முதுகு, தளர்ந்த கால்கள். ஆனாலும் தயங்காமல் ஏறுகிறார். மேலே பறவைகள் வட்டமிடுகின்றன. உச்சிக்குப் போய்த் தூக்கிட்டுக்கொள்கிறார். அவர் யார், ஏன் இப்படிச் செய்தார் என்று படம் அப்போது ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. 2018 நவம்பர் 29 அன்று ரஜினிகாந்தையும் ரோபோவையும் பார்க்கத் திரண்ட கூட்டத்துக்கு இயக்குநர் ஷங்கர் முதலில் காட்டியது பெயர் தெரியாத ஒரு முதியவரின் மரணத்தை.

அந்த வரிசையை நான் மிகவும் ரசிக்கிறேன். வழக்கமாக வில்லன் முதலில் அச்சுறுத்துவான், இடைவேளைக்குப் பிறகு அவனுக்கும் ஒரு முன்கதை இருந்தது என்று தெரியவரும். இங்கே சாவு முதலில் வருகிறது. அடுத்து ஊரே நடுங்கும் பயங்கரம். அதற்கும் பிறகுதான் அந்த மனிதர் வாழ்ந்த கதை. நாம் பயந்துகொண்டிருக்கும்போதே மனத்தின் ஓரத்தில் அந்தக் கோபுரமும் அதில் தொங்கிய உடலும் இருந்துகொண்டே இருக்கின்றன. இன்னொரு நுட்பம், அவர் கோபுரத்தைத் தேர்ந்தெடுத்தது. கிணறும் தண்டவாளமும் எல்லா ஊரிலும் உண்டு. தான் நேசித்த பறவைகளைக் கொல்கிறது என்று எதை நம்பினாரோ அதன் மீதே ஏறிப்போய்ச் சாகிறார். யாரும் வாங்கிப் படிக்காத மனுக்களுக்குப் பிறகு அவர் எழுதிய கடைசி மனு அது.

அந்தமான் தீவுகளின் ஹேடோவில் இருந்துகொண்டு இந்தப் படத்தைப் பார்ப்பவருக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. நாங்கள் கோபுரத்தின் கட்சி. ஹேடோ துறைமுகத்திலிருந்து சென்னைக்குக் கிளம்பும் கப்பல் கரையை விட்டு நகர்ந்த சில மணி நேரத்தில் சிக்னல் அறுந்துவிடும். பிறகு ஏறக்குறைய மூன்று நாள், கடலைத் தவிர யாரோடும் பேச முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, தீவில் இருப்பவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று அறிய ஊரில் சொந்தபந்தங்கள் தவித்த தவிப்பை இங்கே எந்தத் தமிழ்க் குடும்பமும் மறந்திருக்காது. சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடியில் போட்ட கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டபோது, ஊரில் இருக்கும் அம்மாவின் முகம் உறையாமல் திரையில் அசைந்தது. அது எங்களுக்குச் சின்ன விஷயமே இல்லை. செல்போனை வெறுக்கும் ஒரு வில்லன் எங்கள் நெஞ்சில் இடம்பிடிக்க வேண்டுமென்றால் அவன் மற்ற ஊர்களைவிட இங்கே அதிகம் உழைத்தாக வேண்டும்.

கோபுரம் ஏறிய அந்தக் கிழவர், பட்சிராஜன், இடம்பிடித்துவிட்டார். எப்படி என்றுதான் ஒவ்வொன்றாகப் பார்க்க ஆசை.

முதலில் அவருடைய ஆயுதம். பேசிக்கொண்டிருப்பவர் கையிலிருந்து போன் பிய்த்துக்கொண்டு மேலே பறக்கிறது. பிறகு நகரம் முழுவதும் பறக்கின்றன. அவை தரையில் பெருகி வரும்போது, ஒளிரும் திரைகளால் ஆன சாலையே உயிர்பெற்று ஊர்ந்து வருவதுபோல் இருக்கிறது. கடைசியில் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரு மாபெரும் பறவையாகின்றன. இறகு இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் கைப்பேசி. இதைக் கணினி வரைகலையின் பெருமையாக மட்டும் பேசிவிட்டுப் போவது அநியாயம். எது தன் பறவைகளை அழித்தது என்று அவர் நினைத்தாரோ அதையே அள்ளி, அழிந்த பறவையின் உருவத்தில் திரும்ப நிறுத்துகிறார். அவர் சொல்ல வந்ததை அந்த உருவமே சொல்லிவிடுகிறது. வில்லன் தன் கொள்கையை நீளமாகப் பேசி விளக்க வேண்டிய தேவை அங்கேயே தீர்ந்துபோகிறது. அப்புறமும் படம் கொஞ்சம் பேசத்தான் செய்கிறது. நான் அந்த வசனங்களைவிடப் பறவையைத்தான் நம்புகிறேன்.

ஒலியையும் சொல்ல வேண்டும். ரசூல் பூக்குட்டி அமைத்த ஒலியில் அந்தப் போன்கள் வரும் ஓசை, இருட்டில் ஒரு பெரும் பறவைக் கூட்டம் மரம் விட்டு எழும்பும் ஓசைக்குப் பக்கத்தில் வருகிறது. மாலையில் மைனாக்களும் கிளிகளும் அடையும் மரத்தடியில் நின்றவர்களுக்கு அந்த இரைச்சல் காதுக்குப் பழக்கம். யந்திரத்துக்குள்ளே உயிர் புகுந்துவிட்டது என்பதைக் கண்ணுக்கு முன்னால் காது தெரிந்துகொள்கிறது.

அடுத்தது அவர் உடம்பு. அக்ஷய் குமார் நடித்த முதல் தமிழ்ப் படம் இது. சண்டைப் படங்களில் கட்டுடலோடு பார்த்துப் பழகிய நடிகரை, முதுகு வளைந்த, தாடி வெளுத்த வயசாளியாக்கி அனுப்பியிருக்கிறார்கள். சிறகு முளைத்து வில்லனாக நிற்கும்போது கழுத்தை வெட்டி வெட்டித் திருப்புகிறார், பறவை ஒற்றைக் கண்ணால் பார்ப்பதற்குத் தலையைச் சாய்ப்பதுபோல. முன்கதையில் அதே மனிதர் பறவைகளுக்கு நடுவில் நடமாடுவதைக் காட்டும்போது, அந்த அசைவு அவருக்கு இயல்பாக ஒட்டியது என்று தோன்றுகிறது. ஆயுள் முழுக்க யாரோடு பழகினாரோ அவர்களின் சாயல். செத்த பிறகு வந்த கோரம் என்று அதைத் தள்ள முடியவில்லை.

அவரைத் திருக்கழுக்குன்றத்துக்காரராக வைத்தது கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த முடிவு. வேதகிரீஸ்வரர் மலையில் நண்பகலில் இரண்டு கழுகுகள் வந்து குருக்கள் கையால் உணவு வாங்கிப் போகும் என்பது தலைமுறை தலைமுறையாக மக்கள் கண்ட காட்சி. மஞ்சள்முகப் பாறு என்று பறவையாளர்கள் சொல்லும் இனம் அது. 1990களின் பிற்பகுதிக்குப் பிறகு அவை வருவதில்லை. பறவை வருவதை நம்பி ஒரு ஊரே மலையேறிக் காத்திருந்து, பிறகு ஒருநாள் அது வராமலே போன இடம். பறவைக்காகச் சாகும் ஒரு மனிதரைத் தமிழ்நாட்டில் வேறெங்கே பிறக்கவைப்பது?

சலீம் அலியின் நிழல் அவர் மீது விழுவதும் தற்செயல் இல்லை. 1896இல் பிறந்த சலீம் அலி, சிறுவனாக இருந்தபோது பொம்மைத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு, தொண்டையில் மஞ்சள் இருந்த அந்தக் குருவி என்ன இனம் என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனவர். அந்தக் கேள்வியோடு தொடங்கியது அவர் வாழ்க்கை. அவருடைய உறவினர் ஹுமாயூன் அப்துலாலிதான் 1960களில் எங்கள் தீவுகளின் பறவைகளைப் பட்டியலிட்டு எழுதியவர். அந்த மரபில் வந்த அமைதியான ஆட்களை நினைத்துக்கொண்டு பட்சிராஜனைப் பார்த்தால் உறுத்துகிறது. வாழ்நாள் முழுவதும் பொறுமையாகக் குறிப்பெடுத்த கை, கொலை செய்யும் கையாக மாறுவதற்கு எவ்வளவு அவமானம் தேவைப்பட்டிருக்கும்! அமைச்சரிடமும் கம்பெனிக்காரரிடமும் அவர் கெஞ்சும் காட்சிகள் நீளம் என்று சிலர் குறைப்பட்டார்கள். எனக்கு அந்த நீளம் வேண்டும். ஒவ்வொரு கதவாகத் தட்டித் திரும்பிய பிறகே அந்தக் கோபுரம் வருகிறது.

அவர் சொல்லும் அறிவியல் தவறு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். செல்போன் கதிர்வீச்சுதான் பறவைகளைக் கொல்கிறது என்பதற்குப் படம் காட்டும் அளவுக்கு ஆதாரம் கிடையாது. வெளியீட்டுக்கு முன்பே செல்போன் நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்துக்குப் புகார் அனுப்பியது. நாடு முழுவதும் பிணந்தின்னிக் கழுகுகள் சரிந்ததற்குப் பெருங்காரணம் மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து. செத்த மாட்டைத் தின்ற கழுகுகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. 2006இல் கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பது தடை செய்யப்பட்டது. சிட்டுக்குருவி குறைந்ததற்கு, கூடு கட்ட இடுக்கில்லாத வீடுகளும் குஞ்சுக்கு ஊட்டப் புழுபூச்சி கிடைக்காததும் போதுமான காரணங்கள். பட்சிராஜன் குற்றவாளியை மாற்றிப் பிடித்துவிட்டார். ஆனால் குற்றம் நடந்திருக்கிறது. அவர் கண்ணெதிரே செத்த பறவைகள் உண்மை. அந்தத் துக்கம் சரியாக இருப்பதால் தவறான அறிவியலையும் தாங்கிக்கொண்டு பாத்திரம் நிற்கிறது.

இந்தத் துக்கம் எங்களுக்குத் தொலைவில் இல்லை. போர்ட் பிளேயருக்கு வடகிழக்கே, சுமார் ஏழு சதுர கிலோமீட்டரே உள்ள நார்கொண்டம் தீவில் ஒரு இருவாச்சி இனம் வாழ்கிறது. உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது. அங்கே கடலோரக் காவல் படை ரேடார் வைக்கக் கேட்டது. 2012இல் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெயந்தி நடராஜன் மறுத்தார். 2014இல் அடுத்த அரசு அனுமதித்தது. நாட்டின் எல்லைக்குக் காவல் தேவை, யாரும் மறுக்கவில்லை. ஆனாலும் அந்தச் சின்னத் தீவில் பறவை ஒரு பக்கம், கோபுரம் ஒரு பக்கம் என்று நேருக்கு நேர் வைத்து ஒரு அமைச்சகம் முடிவெடுக்க வேண்டியிருந்தது. எச்சிலால் கூடு கட்டும் உழவாரன் குருவிகளின் கதை இன்னொன்று. சூப்புக்காகக் கூட்டைத் திருடித் திருடி அவை அருகிப்போனபோது, கோயம்புத்தூரில் சலீம் அலி பெயரால் இயங்கும் மையத்து ஆய்வாளர்களும் வனத்துறையும் சேர்ந்து குகைகளுக்குக் காவல் போட்டார்கள். பட்சிராஜன் உயிரோடு இருந்து கேட்டது இதைப் போன்ற ஒரு காவலைத்தான்.

மற்ற வில்லன்களோடு வைத்துப் பார்த்தால் இவருடைய நயம் இன்னும் துலங்கும். ‘24’ படத்தில் சூர்யாவின் ஆத்ரேயா, கோமாவில் 26 வருடத்தைத் தொலைத்துவிட்டுச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் காலத்தைத் திரும்பக் கேட்கிறார். எவ்வளவு நியாயமான ஏக்கம்! ஆனால் இழப்பதற்கு முன்பே தன் இரட்டைச் சகோதரனைக் கொன்றவர் அவர். அதனால் நடிப்பை வியக்கிறோம், அவருக்காக மனம் கசிவதில்லை. ‘மாநாடு’ படத்தின் தனுஷ்கோடி வேறு வகை. ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும் சுழலில் வில்லனும் மாட்டிக்கொள்கிறார். எஸ். ஜே. சூர்யா அதில் காட்டும் சலிப்பும் எரிச்சலும், வேலை முடியாத ஒரு அதிகாரியின் எரிச்சலாகவே இருப்பதால் அந்த ஆளை நம்பிவிடுகிறோம். அவரை விரும்புகிறோம் என்றுகூடச் சொல்வேன்.

பட்சிராஜனுக்கு உண்மையான உடன்பிறப்பு, முதல் பாகமான ‘எந்திரன்’ (2010) படத்தின் ரோபோ சிட்டிதான். சுஜாதா பங்களித்த அந்தப் படத்தில், நாயகி சனாவைக் கடித்த கொசுவைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்க வைக்கும் வெகுளி ரோபோவைப் பார்த்துச் சிரித்தோம். தீய குணம் தரும் சிவப்புச் சில்லு பொருத்திய பிறகு, ரோபோ வேஷத்தில் நுழைந்துவிட்ட, தன்னைப் படைத்த வசீகரனைத் தேடி அணிவகுப்புக்குள் உலாத்திக்கொண்டே ஆட்டைப்போலக் கத்துகிறதே, அந்தக் குறும்பு புதிதாக வந்ததில்லை. கொசுவோடு பேசிய அதே குறும்புக்குப் பல் முளைத்திருக்கிறது. ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்து ஹால் கணினி அமைதியான குரலில் பேசி நம்மைக் குளிரவைத்தது. சிட்டி அதற்கு நேர் எதிர். நம் ஊர் ரசிகனுக்குக் கெட்டவனிடமும் குதூகலம் வேண்டும் என்று ரஜினிக்குத் தெரியும்.

சிட்டியையும் பட்சிராஜனையும் அருகருகே வைத்தால் ஒன்று தெரிகிறது. இருவருமே ஒருமுறை செத்தவர்கள். சிட்டியைப் படைத்தவனே கோடரியால் வெட்டிக் குப்பைமேட்டில் போட்டான். பட்சிராஜனை நாமெல்லாம் காது கொடுக்காமல் கோபுரத்தில் ஏற்றினோம். திரும்பி வரும்போது இருவருமே பழைய அன்பை விட்டுவிட்டு வரவில்லை. சிட்டி சனாவைத் தூக்கிப்போகிறது. பட்சிராஜன் பறவைகளின் உயிரோடு தன் உயிரையும் சேர்த்துக்கொண்டு வருகிறார். அன்பு அப்படியே இருக்கிறது, அளவுதான் கெட்டுவிட்டது.

‘2.0’வின் பின்பாதி எல்லா இடத்திலும் இந்த நுட்பத்தைக் காப்பாற்றவில்லை. வசீகரனின் உடம்புக்குள் பட்சிராஜன் புகுந்த பிறகு, மைதானத்தில் நடக்கும் சண்டையில் அளவு பெருக்கப் பெருக்க அந்தக் கிழவர் காணாமல் போகிறார். பிரம்மாண்டம் மட்டும் மிஞ்சுகிறது. ஆனால் முடிவு அவரை மீட்டுத் தருகிறது. விரலளவு ரோபோக்கள் புறாக்கள் மேல் ஏறி வந்து, இவற்றைக் கொன்றுவிடுவோம் என்று மிரட்டுகின்றன. மனிதர்களைக் கொல்லக் கண் இமைக்காதவர் அந்த இடத்தில் தளர்கிறார், கெஞ்சுகிறார், பிடியை விடுகிறார். 1982இல் வந்த ‘பிளேட் ரன்னர்’ படத்தின் ராய் பேட்டி சாகும்போதும் கையில் ஒரு புறா இருந்தது. அவன் கை தளர்ந்ததும் அது பறந்து போனது. அங்கே புறா ஒரு அழகு. இங்கே அதுவே வில்லன் தோற்பதற்குக் காரணம். அவருடைய ஒரே பலவீனம் அவர் எதற்காகச் செத்தாரோ அந்தப் பாசம்தான் என்பதைக் கதை எங்கேயோ சொல்லிவைத்து இங்கே வந்து பறித்துக்கொள்கிறது.

நல்லவர்கள் ஜெயித்ததற்கு வழி, பறவைகளைப் பணயமாகப் பிடித்தது. படம் இதை வேகமாகக் கடந்துவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் வசீகரனே அந்தக் கிழவரின் நோக்கத்தில் நியாயம் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறார். எனக்கு அந்த வெற்றியில் மகிழ்ச்சி வரவில்லை. வரக் கூடாது என்றுதான் புறாக்களை அங்கே கொண்டுவந்தார்கள் என்று நம்புகிறேன்.