ஃபர்ஸ்ட் பொசிஷன்: திரும்பி வர வழி இருக்கா?

பெஸ் கார்க்மன் இயக்கி 2011-ல் வந்த 'ஃபர்ஸ்ட் பொசிஷன்' ஆவணப்படத்தைப் போன வாரம் மறுபடி பார்த்தேன். தலைப்புக்கு ரெண்டு அர்த்தம். குதிகாலை ஒட்டி, பாதத்தை வெளிப்பக்கமா திருப்பி நிக்கிற பாலேயின் முதல் நிலை ஒண்ணு. போட்டியில முதலிடம் இன்னொண்ணு. படம் முதல் அர்த்தத்துல ஆரம்பிச்சு ரெண்டாவதுல முடியுது. என் விமர்சனமும் அங்கேதான்.

படம் பின்தொடர்வது யூத் அமெரிக்கா கிராண்ட் பிரீ என்ற போட்டியை. 1999-ல் தொடங்கியது. 9 வயசுல இருந்து 19 வயசு வரைக்கும் கலந்துக்கலாம். பரிசு என்பது வெறும் கோப்பை இல்லை. பெரிய பாலே பள்ளிகளில் உதவித்தொகையோட இடம், மூத்த பிள்ளைகளுக்கு நடனக் குழுவில் வேலை. மேடையில் கிடைக்கும் சில நிமிஷத்துல அடுத்த பத்து வருஷம் தீர்மானமாகலாம். 11 வயசு ஆரன் பெல், கொலம்பியாவிலிருந்து தனியா நியூயார்க் வந்து பயிலும் ஜோவான் செபாஸ்டியன் சமோரா, சியரா லியோன் போரில் பெற்றோரை இழந்து அமெரிக்கக் குடும்பத்துக்குத் தத்து வந்த மிகேலா டிப்ரின்ஸ், மீகோ - ஜூல்ஸ் என்ற அக்கா தம்பி... இவங்கதான் முக்கியப் பாத்திரங்கள்.

பயிற்சி, காயம், மேடை, முடிவு அறிவிப்பு என்ற வரிசையில படம் விறுவிறுன்னு போகுது. பார்க்கிறவங்க நகத்தைக் கடிப்பாங்க, சந்தேகமே இல்லை. ஆனா இந்த வேகத்துக்கு ஒரு விலை இருக்கு. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஆடுற போட்டியில, கேமரா தேர்ந்தெடுத்தவங்களில் பெரும்பாலானவங்க ஏதோ ஒண்ணு ஜெயிச்சுடறாங்க. தோத்து வீட்டுக்குப் போகும் பிள்ளையோட அடுத்த திங்கட்கிழமை எப்படி இருக்கும்? படத்துல அது இல்லை.

பெற்றோரைக் காட்டுற விதத்திலும் இதே குறை. அவங்க வண்டி ஓட்டறாங்க, காத்திருக்காங்க, உடை சரிபண்றாங்க. மிகேலாவின் அம்மா, 'தோல் நிறம்'னு விக்கிற வார்ப்பட்டைகளுக்குத் தன் மகளோட தோல் நிறத்துலயே சாயம் ஏத்துற காட்சி நல்ல காட்சி. அந்தக் கலையில யாருக்கு இடம் இருந்தது, யாருக்கு இல்லைன்னு வசனமே இல்லாம சொல்லிடுது. ஆனா இந்தக் குடும்பங்கள் எதை அடகு வெச்சு ஆடறாங்க, பிள்ளை ஆடலேன்னா என்ன மிஞ்சும் என்ற கணக்கைப் படம் கேக்கவே இல்லை.

ஒரே ஒரு இடத்துல, தெரிஞ்சோ தெரியாமலோ கேட்டுடுது. சின்னப் பையன் ஜூல்ஸ், தனக்கு பாலே வேண்டாம்னு விட்டுடறான். அம்மா அழறாங்க. அதுவரைக்கும் படம் ஜூல்ஸைச் சிரிப்புக்குத்தான் பயன்படுத்துது. என்னைப் பொறுத்தவரை படத்தின் மையமே அந்தக் கண்ணீர்தான். அம்மா அழுதாங்க, ஆனா பையன் வெளிய வந்தான். அவனுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, வீடு இருந்தது. பின்னால நடந்ததையும் சேர்த்துப் பாருங்க. படத்துல ஜெயிக்கிற அக்கா மீகோ, பர்மிங்ஹாம் ராயல் பாலே குழுவுல சேர்ந்து, கொஞ்ச காலத்துலயே தொழில்முறை நடனத்தை விட்டு, பெர்க்லியில் கல்லூரிப் படிப்புக்குப் போயிட்டாங்க. அப்போ திரும்பி வர வழி தோத்தவங்களுக்கு மட்டும் இல்லை, ஜெயிச்சவங்களுக்கும் தேவை.

எங்க வேலையில ஒரு புது மென்பொருளை ஏத்தும் முன்னாடி முதல் கேள்வி, "ரோல்பேக் எப்படி?" சரியா வரலேன்னா பழைய நிலைக்கு எப்படித் திரும்புறது. அதுக்குப் பதில் இல்லேன்னா ஏத்த மாட்டோம்.

ஜவ்வாது மலையில சாமை, கல்திட்டை, ஊர்ப்பெயர்னு குறிப்பெடுத்துட்டு இருக்கிறவன் பாலே பத்தி ஏன் எழுதறேன்னா, இதே கேள்வியை ஜமுனாமரத்தூர்ல ஒரு அப்பா கேட்டார். மலையாளி சமூகத்து விவசாயி. பொண்ணு எட்டாவது, உண்டு உறைவிடப் பள்ளியில படிக்குது. பள்ளிக் கலைத் திருவிழாவுல நல்லா ஆடினதைப் பார்த்து, சென்னையில நடனம் கத்துக்க அனுப்பலாம்னு யாரோ சொல்லியிருக்காங்க. அவர் என்கிட்ட கேட்டது, "பொண்ணு பெரிய ஆளா வருமா சார்?" இல்லை. "ஆட்டம் சரிப்படலேன்னா, திரும்ப நம்ம ஸ்கூல்ல சேத்துக்குவாங்களா சார்?"

கார்க்மன் கேக்காத கேள்வி இது. மலைப் பெற்றோருக்கு பிள்ளையைப் பிரிஞ்சிருக்கிறது புதுசு இல்லை. பிழைப்புக்கு வெளியூர் போறவங்க, ஆறு வயசுலயே விடுதியில விட்டுட்டுத்தான் போறாங்க. அதனால பிரிவு அவருக்குப் பிரச்சினை இல்லை. திரும்ப முடியாமப் போறதுதான் பிரச்சினை.

2020-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த சூனி தாராபோர்வாலாவின் 'யே பாலே'யை இதோட வெச்சுப் பார்க்கணும். மும்பையின் மணீஷ் சவுகான், அமிருத்தீன் ஷா என்ற இளைஞர்களின் வாழ்க்கையை ஒட்டின கதை. ஒருத்தரோட அப்பா டாக்ஸி ஓட்டுநர், இன்னொருத்தரோட அப்பா வெல்டர். அமிருத்தீன் 2017-ல் லண்டன் ராயல் பாலே பள்ளிக்கே போனார். படத்துல வீட்டு எதிர்ப்பு, தாண்ட வேண்டிய ஒரு தடையா மட்டும் வருது. பெரியவங்களுக்குக் கலை புரியலையாம். புரியாம இல்லைங்க. ரோல்பேக் இல்லாத திட்டத்துக்கு ஒப்புதல் தர மாட்டேங்கிறாங்க, அவ்வளவுதான்.

நம்ம பக்கத்துலயே இந்தக் கேள்வியை நேருக்கு நேர் எடுத்துக்கிட்டவங்க உண்டு. பெ. ராஜகோபால் பத்து வயசுல பள்ளியை விட்டுட்டு அப்பாவோட கூத்துக்குப் போனவர். விடிய விடிய ஆடிட்டு காலையில வகுப்புல உக்கார முடியாது. அவரும் ஹன்னா டி புருயினும் 2002-ல் காஞ்சிபுரம் பக்கத்துல புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்து குருகுலத்தைத் தொடங்கினப்போ, கூத்தையும் பள்ளிப் படிப்பையும் ஒரே கூரைக்குக் கீழ வெச்சாங்க. ஆம்பளைங்க மட்டுமே ஆடிட்டிருந்த கூத்துல பொண்ணுங்களையும் சேர்த்தாங்க. 2020-ல் குருகுலம் மூடப்பட்டாலும் அந்த அமைப்பு சொன்ன சேதி முக்கியம்: கூத்துல தொடராத பிள்ளையும் வெறுங்கையோட வீட்டுக்குப் போகக்கூடாது.

இதுக்கு ஒரு மறுப்பு உண்டு. திரும்பும் வழி திறந்திருந்தா பிள்ளை முழுசா ஈடுபடாதேன்னு சொல்வாங்க. ஆனா 1713-ல் தொடங்கின பாரிஸ் ஓபரா நடனப் பள்ளியிலும் சரி, ரஷ்யாவின் வாகனோவா அகாடமியிலும் சரி, இன்னைக்கு நடனத்தோட பொதுப்படிப்பும் நடக்குது. அங்கிருந்து ஆடுறவங்க வராம இல்லையே.

இன்னொரு காரணம் இதைவிடப் பெருசு. வெளிய வந்தா எல்லாம் போச்சுன்னு நினைக்கிற பிள்ளை, உள்ளே நடக்கிற கொடுமையை வாய் திறந்து சொல்லாது. வியன்னா ஸ்டேட் ஓபராவின் பாலே பள்ளியில் பிள்ளைகளின் நலன் பாதுகாக்கப்படலேன்னு 2019-ல் விசாரணைக் குழுவே சொல்லிச்சு. 2023-ல் சென்னை கலாக்ஷேத்ராவில் பாலியல் தொல்லை புகார்களோட மாணவர்கள் போராட்டத்துல உக்காந்தாங்க. திரும்பி வர முடியும்ங்கிற தைரியம்தான் ஒரு பிள்ளைக்கு முதல் பாதுகாப்பு.

அந்த அப்பாவுக்கு நான் சொன்னது சட்டத்துல இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயசு வரைக்கும், இடையில நின்ன பிள்ளையையும் வயசுக்கேத்த வகுப்புல பள்ளி சேர்த்துக்கணும், டி.சி. வர லேட்டாகுதுன்னு திருப்பி அனுப்பக்கூடாது. ஆனா எட்டாவது தாண்டினா அந்த உத்தரவாதம் இல்லை. அவர் பொண்ணு சரியா அந்த எல்லையில நிக்குது. அதனால பத்தாவது முடியுற வரைக்கும் பள்ளியை விட்டு எடுக்காதீங்க, நடனம் விடுமுறையில நடக்கட்டும்னேன். கலை பண்பாட்டுத் துறையோட மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் பரதமும் சொல்லித்தர்றாங்க, அதையும் விசாரிங்கன்னேன்.

'ஃபர்ஸ்ட் பொசிஷன்' பார்க்கலாமா? கட்டாயம் பாருங்க. பிள்ளைகளோட உழைப்புல பொய் இல்லை, மிகேலா ஆடுறதைப் பார்த்தா கண் நிறையும். 2024-ல் 29 வயசுல அவங்க இறந்துட்டாங்கன்னு தெரிஞ்சு பார்க்கும்போது இன்னும் கனக்குது. ஆனா பிள்ளையை ஏதாவது ஒரு பயிற்சியில சேர்க்க யோசிக்கிறவங்க, மேடைக் காட்சிகளை விட ஜூல்ஸ் விலகுற அந்தச் சின்னக் காட்சியை நிதானமா பாருங்க. அப்புறம் சேர்க்கப் போற இடத்துல, எத்தனை பேர் ஜெயிச்சாங்கன்னு கேக்கறதோட நிறுத்தாம, பாதியில போனவங்க இப்போ என்ன பண்றாங்கன்னும் கேளுங்க.