சின்னப்பரும் பவுலும்: புனிதர் பெயர்களின் மொழிபெயர்ப்பு – ஒரு மதிப்பீடு

கத்தோலிக்கப் புனிதர்களின் பெயர்கள் தமிழில் வழங்கும் முறை மொழிபெயர்ப்பாளரின் தனிக்கவனத்திற்கு உரியது. 1586-இல் அண்டிரீக் அடிகளார் அச்சேற்றிய 'அடியார் வரலாறு' தொட்டு இப்பெயர்கள் நூல்வழக்கிலும் வழிபாட்டு வழக்கிலும் பயின்று வந்துள்ளன. 1995-இல் திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்ததும், கத்தோலிக்கர் வழங்கிய சின்னப்பர், அருளப்பர் ஆகிய பெயர்களின் இடத்தில் பவுல், யோவான் என்பன விவிலிய வாசகத்தில் நிலைபெற்றன. கிறித்தவச் சபைகளுக்கிடையே பொதுவழக்கு ஒன்று அமைந்தது என்னும் அளவில் இம்மாற்றம் பயனுடையதே. ஆயின், இரு பெயர்களும் ஒருபொருட் பன்மொழி என்று கொண்டு எல்லா இடத்திலும் ஒன்றை நீக்கி மற்றொன்றைப் பெய்வது பொருந்துமா என்பதே ஈண்டு எழும் வினா.

1. பெயராக்க நெறிகள்

பழைய பெயர்களில் இரு நெறிகள் தெளிவாகப் புலப்படுகின்றன. ஒன்று ஒலிவழி அமைந்தது: சவேரியார், அந்தோணியார், செபஸ்தியார் என்பன போல்வன. மற்றொன்று பொருள்வழி அமைந்தது. பவுல் என்பதற்கு இலத்தீனில் 'சிறியவர்' என்பது பொருள், சின்னப்பர் ஆயிற்று. யோவான் என்னும் எபிரேயப் பெயர் இறையருளைச் சுட்டும், அருளப்பர் ஆயிற்று. ஸ்தேவான் என்பதற்குக் கிரேக்கத்தில் 'முடி' என்று பொருள், முடியப்பர் ஆயிற்று. எகிப்தியப் பாலைநிலத்தில் தவம் செய்த அந்தோணியாரைப் பதுவை நகர் அந்தோணியாரினின்று வேறுபடுத்த 'வனத்து அந்தோணியார்' என்றனர். தமிழ் மரபில் துறவிக்கு உரிய இடம் வனமாதலின் பாலை வனமாயிற்று. இது பிழையன்று, பண்பாட்டு நிகரன் என்றே கொள்ளத்தக்கது.

சந்தியாகப்பர் என்னும் பெயர் மேலும் சுவையுடையது. சந்தியாகு என்பதன் முற்பகுதியே 'புனித' என்னும் பொருளுடையது. பிற்பகுதி யாக்கோபின் திரிபு. எனவே 'புனித சந்தியாகப்பர்' என்னுமிடத்துப் புனிதம் இருமுறை கூறப்படுகின்றது. எனினும் மக்கள் செவிக்கு இது கூறியது கூறலாகத் தோன்றுவதில்லை. பெயர் பகுக்கப்படாத முழுச்சொல்லாக நிலைத்துவிட்டமையே இதற்குக் காரணம்.

2. '-அப்பர்' ஈறு

நெல்லையப்பர், ஐயாறப்பர் என இறைவனைத் தந்தையாகக் கண்டு வழங்கும் தமிழ் மரபின் ஈறே இப்பெயர்களிலும் அமைந்துள்ளது. 'புனித' என்னும் அடைமொழி ஒருவரது தகுதியைச் சுட்டும்; 'அப்பர்' என்னும் ஈறோ அவருக்கும் வழிபடுவோர்க்கும் உள்ள உறவைச் சுட்டும். ஆதலின் ஒன்று மற்றொன்றின் பணியைச் செய்யாது. 'பவுல் கொரிந்தியருக்கு எழுதினார்' என்பது இன்று இயல்பான தொடர். 'பவுலுக்கு நேர்ந்துகொண்டாள்' என்பதோ செவிக்கு ஒவ்வாது. அவ்விடத்துச் சின்னப்பரே வருதல் வேண்டும்.

சூசையப்பர், வளனார், யோசேப்பு என்னும் மூன்றும் ஒருவரையே குறிப்பன. முதலாவது வேண்டுதலுக்கு உரியது. வளன் என்பது, பெருகுதல் என்னும் எபிரேயப் பொருளைத் தழுவி வீரமாமுனிவர் 1726-இல் முற்றுவித்த தேம்பாவணியில் ஆண்ட காப்பியப் பெயர். மூன்றாவது விவிலிய வாசகத்திற்கு உரியது. பொருள் ஒன்றாயினும் வழக்குக்களம் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

3. தேவசகாயம்

மக்கள் வழக்கின் வலிமைக்குத் தேவசகாயத்தின் பெயர் தக்க சான்று. நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டபிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபோது லாசரஸ் என்பதன் பொருளான 'இறைவனின் உதவி' தமிழில் தேவசகாயம் என அவர்க்குப் பெயராயிற்று. 1752-இல் அவர் காற்றாடிமலையில் கொல்லப்பட்டார். கோட்டாற்றிலுள்ள அவரது கல்லறையை மக்கள் நெடுங்காலம் போற்றிவந்த பின்னரே 2012-இல் அருளாளர் நிலையும் 2022-இல் புனிதர் நிலையும் அவருக்கு அளிக்கப்பெற்றன. சாதியைச் சுட்டும் 'பிள்ளை' என்னும் பின்னொட்டு எதிர்ப்பிற்குள்ளாகி, புனிதர் பட்டத்திற்கு முன்பே விலக்கப்பட்டது. மொழிபெயர்ப்பாகப் பிறந்த தேவசகாயம் என்னும் பெயர் உலகத் திருச்சபையின் புனிதர் வரிசையில் தமிழ் ஒலியோடே இடம்பெற்றது. அப்பெயரை மீண்டும் லாசரஸ் என்று மட்டும் எழுதுவது சீர்மையாகாது, வரலாற்றை அழிப்பதாகும்.

4. முடிவு

சின்னப்பன், அருளப்பன், முடியப்பன், சூசை எனப் பெயர் தாங்கியோர் நம்மிடையே பலர். தம் பெயர் எந்தப் புனிதரைக் குறிக்கின்றது என்பதை விவிலியத்தைப் புரட்டி மட்டும் அவர்கள் அறிய இயலாது. தமிழ்ப் புதினம் ஒன்றைப் பிறமொழியில் பெயர்ப்பவரும் சின்னப்பர் கோயிலைச் 'சிறிய தந்தையின் கோயில்' என்று பெயர்த்துவிடும் இடர் உண்டு. ஆகவே, விவிலிய மேற்கோளில் பவுல் எனவும், கோயில், நேர்த்திக்கடன், மக்கட்பெயர் ஆகியவற்றில் சின்னப்பர் எனவும் வழக்கறிந்து ஆளுதலே முறை. இரண்டையும் இணைத்துக் காட்டும் பெயரகராதி ஒன்று தொகுக்கப்படுதல் அகராதித் துறையின் உடனடித் தேவை. சீர்மை விவிலியப் பதிப்பிற்கு அழகு; வழிபாட்டு வழக்கிற்கோ வேறுபாடே உயிர்.