ஹவாய் மொழிக் கல்வியில் விடுபட்டுப்போகும் குரல்கள்

ஹவாய் மொழியையும் வரலாற்றையும் பல்கலைக்கழகத்தில் படித்து என்ன பயன் என்று கேட்பவர்கள் 1897ஆம் ஆண்டு மனுவைப் பார்க்க வேண்டும். தங்கள் நாட்டை அமெரிக்காவோடு இணைக்கக் கூடாது என்று 21,000 பேருக்கு மேல் கையெழுத்திட்ட தாள்கள் அவை. வாசகத்துக்குக் கீழே பெயர், வயது. ஆண்களுக்குத் தனித்தாள், பெண்களுக்குத் தனித்தாள். அன்று ஹவாயியரின் மொத்தத் தொகையே ஏறக்குறைய 40,000தான். அப்படியிருந்தும், மக்கள் பெரிதாக எதிர்க்கவில்லை என்றே வரலாற்று நூல்கள் வெகுகாலம் எழுதிவந்தன. எழுதியவர்களில் பலர் ஆங்கில ஆவணங்களைத் தாண்டிப் போனதில்லை. ஹவாய் ஆய்வாளர் நோயேநோயே சில்வா 1990களில் அந்த மனுவை வாஷிங்டன் ஆவணக் காப்பகத்திலிருந்து வெளிக்கொணர்ந்தார். ஹவாய் மொழிச் செய்தித்தாள்களையும் ஊன்றிப் படித்து 2004இல் அவர் நூல் வெளியிட்ட பிறகு பழைய கதை எடுபடவில்லை. 1834 முதல் 1948 வரை வெளியான அந்தச் செய்தித்தாள்கள் ஒரு லட்சம் பக்கங்களுக்கு மேல். மொழிபெயர்ப்பில் கிடைப்பது மிகச் சிறு பகுதியே. மொழி தெரியாமல் ஹவாய் வரலாறு எழுதுவது இனி நேர்மையான வேலையாகாது.

இந்தப் படிப்புக்கு வேலை எங்கே என்ற கேள்வியும் எழுகிறது. 1896ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்கி ஹவாய் மொழியைப் பள்ளியிலிருந்து விரட்டியது. மொழியை மீட்க 1984இல் ஹவாய் வழி மழலையர் பள்ளிகளும், சில ஆண்டுகளில் ஹவாய் வழி அரசுப் பள்ளிகளும் தொடங்கின. அவற்றுக்கு ஆசிரியர்கள் வேண்டுமே! 1997இல் ஹவாய் பல்கலைக்கழகத்தின் ஹிலோ வளாகத்தில் ஹவாய் மொழிக்கென உருவான கல்லூரி அவர்களைப் பயிற்றுவிக்கிறது. மொழி உயிரோடிருக்க அதுதான் முதல் தேவை.

ஆனால், வகுப்பறையில் வளரும் மொழிக்கு ஒரு நோய் உண்டு: பாடநூல் மெல்ல மெல்ல அளவுகோலாகிவிடும். நெடிலையும் குரல்வளை ஒலியையும் காட்டும் குறிகளை எடுத்துக்கொள்வோம். இன்றைய பாடநூல்கள் அவற்றைத் தவறாமல் இடுகின்றன. மொழி தலைமுறை அறாமல் வந்த நீஹாவ் தீவினருக்கு அவை தேவைப்படுவதில்லை. பழைய செய்தித்தாள்களிலும் அவை பெரும்பாலும் கிடையா. கற்பவருக்கு அவை நடைவண்டி. அதை விடாமலே பட்டம் வாங்கியவர் 1890களின் செய்தித்தாளைப் பிரித்தால் முதல் பத்தியிலேயே தடுமாறுவார். பொதுத்தரம் இல்லாமல் பாடநூல் எழுத முடியாது என்கிறார்கள், நியாயம்தான். புதிய துறைகளுக்குச் சொல்லாக்கக் குழுவும் தேவைதான். ஆனால் பாடநூலுக்கான தரத்தைக் கொண்டு தாய்மொழியாளரின் பேச்சைத் திருத்தத் தொடங்கினால், யாரிடமிருந்து மொழியைக் கற்க வந்தோமோ அவர்களையே ஓரங்கட்டிவிடுவோம். மாற்று வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஹவாய் மொழி ஆசிரியர் லாரி கிமுரா 1972இல் தொடங்கிய வானொலி நிகழ்ச்சியில் முதியோர் பேசிய பதிவுகள் ஹிலோ வளாகத்தின் மின்னணுக் காப்பகத்தில் உள்ளன. குறியில்லாத செய்தித்தாள் பக்கம் ஒன்றையும் அந்தப் பதிவுகளில் ஒன்றையும் இறுதித் தேர்வில் கட்டாயமாக்கலாம். நீஹாவ் தீவினரைத் தேர்வாளர்களாக அமர்த்தலாம்.