ஆல்க்விஸ்ட் வைத்த செங்கல்

காரெல் சாப்பெக்கின் ‘ஆர். யூ. ஆர்.’ நாடகத்தைப் படிக்காதவர்களும் அதன் வார்த்தை ஒன்றைத் தினமும் சொல்லிக் கொண்டிருக்கிறார்கள். ‘ரோபோ’ என்ற அந்த வார்த்தையை 1920இல் வெளியான இந்த நாடகம்தான் உலகத்துக்குத் தந்தது. அதை எடுத்துக் கொடுத்தவர் தம் அண்ணன் ஜோசப் என்று சாப்பெக்கே சொல்லியிருக்கிறார். செக் மொழியில் ‘ரோபோட்டா’ என்றால் பண்ணையாருக்குக் குடியானவன் கூலியில்லாமல் செய்து தீர வேண்டிய வெட்டி வேலை. அந்த நாட்டில் அது ஒழிந்ததே 1848இல்தான்.

நாடகத்து ரோபோக்கள் இரும்புப் பொம்மைகள் அல்ல. ரசாயன முறையில் சதையும் நரம்புமாகச் செய்யப்பட்டவை. அவற்றைச் செய்து விற்கிற டோமினை வெறும் பேராசைக்காரன் என்று சொல்லிவிட முடியாது. பத்து வருஷத்தில் பண்டங்களெல்லாம் விலையற்றுப் போகும், வறுமை ஒழியும், மனிதன் உழைக்கவே வேண்டியதில்லை என்று மனமார நம்புகிறவன். வேலையிழக்கிறவர்கள் கதி? அப்போது யாருக்குமே வேலை இராதே என்கிறான்!

இந்த இடத்தில்தான் எனக்குச் சாப்பெக்கோடு வழக்கு. தொழிலாளர்கள் ரோபோக்களை அடித்து நொறுக்கியதும், அவர்களை அடக்க ரோபோக்களின் கையிலே துப்பாக்கி கொடுக்கப்பட்டதும் இரண்டொரு வரிச் செய்தியாக வந்து போய்விடுகின்றன. வேலை பறிபோன ஒருவன்கூட மேடைக்கு வருவதில்லை. ஹாப்ட்மனின் ‘நெசவாளர்கள்’ (1892) நாடகத்திலே, 1844இல் கலகம் செய்த சைலீஷிய நெசவாளர்கள் பசியும் தறியுமாக நம் எதிரிலேயே நிற்கிறார்கள்; கடைசியில் யந்திரத் தறிகள் இருக்கும் ஊரை நோக்கிக் கிளம்புகிறார்கள். டோமினின் விடுதலை பத்து வருஷத்தில் வரட்டும். கூலி இந்த வாரமே நின்றுவிடுகிறதே, அதுவரை அந்த வீடுகளில் அடுப்பு எரிவது எப்படி? எழுத்து வேலைக்கும் கணக்கு வேலைக்கும் யந்திரம் வந்துவிட்ட இன்றைக்கும் டோமின்கள் இதற்குப் பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

ஆனாலும் ஆல்க்விஸ்ட் என்ற பாத்திரத்துக்காக இந்த நாடகத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தொழிற்சாலையின் கட்டட வேலைத் தலைவன் அவன். மனம் கலங்கும்போதெல்லாம் சாரத்தில் ஏறித் தன் கையால் செங்கல் வைக்கிறான். உழைப்பிலும் களைப்பிலும்கூட ஒரு நன்மை இருந்தது என்பது அவன் கட்சி. இஷ்டப்பட்டு வைக்கிற செங்கலும் வயிற்றுக்காக வைக்கிற செங்கலும் ஒரே கனமா என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். சாப்பெக்கும் இதை அறியாதவர் அல்ல என்றே நினைக்கிறேன். ரோபோக்கள் மனிதர்களைக் கொன்று தீர்க்கும்போது, தங்களைப் போலக் கையால் வேலை செய்கிறவன் என்று அவனை மட்டும் உயிரோடு விடுகின்றன. இனி அவன் அவற்றுக்காகக் கட்டடம் கட்ட வேண்டும், ஊழியம் செய்ய வேண்டும் என்று உத்தரவாகிறது. கூலியைப் பற்றிப் பேச்சே இல்லை.