தனி ஆவர்த்தனம் கேட்க வந்த கூட்டம்

ராப் என்றாலே நம்மில் பலர் சொல்வது, "வேகமா ஏதோ பேசுறாங்க, ஒண்ணும் புரியலை." புரியாவிட்டால் பரவாயில்லை. எழுபதுகளில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்த பழைய ஹிப்-ஹாப்பைக் கேட்க உட்காரும்போது வார்த்தைகளைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவையுங்கள். டிரம்ஸைக் கேளுங்கள். மைக்கில் பேசுகிறவர் பின்னால் வந்து சேர்ந்த ஆள். முதலில் மேடை ரெக்கார்டு போடுகிறவருடையதாக இருந்தது.

1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூவில் 1520-ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக்கூடத்தில் சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் ஒரு பார்ட்டி வைத்தார். பள்ளி திறக்கும் நேரம், புதுத்துணி வாங்கக் காசு வேண்டும். ரெக்கார்டு போட்டவர் அண்ணன் கிளைவ். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த இவர்தான் டிஜே கூல் ஹெர்க். ஆடுகிறவர்களைக் கவனித்த ஹெர்க்குக்கு ஒன்று பிடிபட்டது. பாட்டும் டிரம்பெட்டும் நின்று டிரம்ஸ் மட்டும் ஒலிக்கிற அந்தச் சில நொடிகளுக்காகவே பலர் காத்திருந்தார்கள். அந்தத் துண்டுக்கு 'பிரேக்' என்று பெயர். நம் சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கினால் பாதிக் கூட்டம் கேன்டீனுக்குக் கிளம்பும். பிராங்ஸில் நேர்மாறு. அதுவரை சுவரோரம் நின்றவர்கள் 'தனி' வந்ததும் நடுக்கூடத்துக்குப் பாய்ந்தார்கள். பிரேக் டான்ஸ் ஆடியவர்களுக்கு அந்தப் பெயர் வந்ததும் இதனால்தான்.

தொல்லை என்னவென்றால் பிரேக் சட்டென்று முடிந்துவிடும். ஹெர்க் ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதி வாங்கினார். ஒன்றில் பிரேக் முடியும்போது இன்னொன்றில் அதே பிரேக்கைத் தொடங்கினார். சில நொடி சில நிமிடமானது. பிந்தைய ஐம்பது ஆண்டு இசையில் பாதி இந்த எளிய காரியத்திலிருந்து வந்தது என்றால் மிகையில்லை.

ஆகவே முதல் பாடம்: ராப் பாட்டே போடாதீர்கள். இன்கிரெடிபிள் போங்கோ பேண்டின் 'அப்பாச்சி'யைத் (1973) தேடிப் போடுங்கள். ஹெர்க் பிரபலமாக்கிய ரெக்கார்டு இது. கிடாரும் டிரம்பெட்டும் ஆர்ப்பாட்டம் செய்து ஓய்ந்ததும் போங்கோவும் டிரம்ஸும் தனியாகப் பேசத் தொடங்குகிற இடம் வரும். அந்த இடத்தை மட்டும் நாலைந்து தடவை திருப்பிக் கேளுங்கள். பிறகு ராப்பர் நாஸ் 2002-இல் வெளியிட்ட 'மேட் யூ லுக்'. அதே டிரம்ஸ், வேகம் தணிந்து, கனமேறி வந்து நிற்கும். வேறு யாரும் சொல்லித்தராமலே காது அடையாளம் கண்டுகொள்ளும்.

ஹெர்க்கிடம் துல்லியம் குறைவு. அதைக் கொண்டுவந்தவர் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ், இயற்பெயர் ஜோசப் சாட்லர். தொழிற்பள்ளியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். இசைத்தட்டின் மீது க்ரேயானால் ஒரு கோடு போடுவார். பிரேக் முடிந்ததும் முள்ளைத் தூக்க மாட்டார், தட்டையே விரலால் பின்னோக்கிச் சுழற்றுவார். கோடு எத்தனை சுற்று பின்னால் வந்தால் பிரேக்கின் தலைக்கு வரும் என்பது கணக்கு. அதற்குள் அடுத்த தட்டில் பிரேக் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாவது தட்டைத் தான் மட்டும் முன்கூட்டியே ஹெட்ஃபோனில் கேட்க ஒரு சுவிட்சும் தானே செய்துகொண்டார். ரெக்கார்டின் மேல் விரல் பட்டாலே பதறுகிற காலம் அது.

இந்த வித்தையை முழுதாகக் கேட்க அவருடைய 'அட்வென்சர்ஸ் ஆஃப் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் ஆன் தி வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்' (1981) போதும். ஏழு நிமிடம். டர்ன்டேபிள்களை வைத்து நேரடியாகப் பதிவானது; ஓரிடத்தில் தவறினால் திரும்ப முதலிலிருந்துதான். பிளாண்டியின் பாட்டு, ஷிக் குழுவின் 'குட் டைம்ஸ்', குயீனின் 'அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்', நீங்கள் இப்போது கேட்ட 'அப்பாச்சி' எல்லாம் இதில் உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது காலைத் தட்டிக்கொண்டே இருங்கள். தாளம் இம்மியும் பிசகாது. நடுவே தட்டை முன்னும் பின்னும் தேய்க்கிற சத்தம் ஸ்கிராட்ச். அதைக் கண்டுபிடித்தவர் கிராண்ட் விசார்ட் தியடோர் என்ற பையன். என் வரையில் பழைய ஹிப்-ஹாப்பில் ஒரே ஒரு ரெக்கார்டுதான் மிஞ்ச வேண்டுமென்றால் இது மிஞ்சட்டும்.

ஊர் உலகம் முதலில் அறிந்ததோ 1979-இல் வந்த சுகர்ஹில் கேங்கின் 'ராப்பர்ஸ் டிலைட்'. டிஜேயே இல்லை, 'குட் டைம்ஸ்' பேஸை ஸ்டூடியோ வாத்தியக்காரர்கள் வாசித்தார்கள். மூவரில் ஒருவரான பிக் பேங்க் ஹாங்க், கிராண்ட்மாஸ்டர் காஸ் எழுதியதை எடுத்துப் பாடினார். அவசரத்தில் காஸின் பட்டப்பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லும் வரியைக்கூட மாற்றவில்லை! கேட்க ஜாலியானது, கேளுங்கள். அங்கேயே நின்றுவிடாதீர்கள். 1982-இன் 'தி மெசேஜ்' ஏழ்மையை நேருக்கு நேர் பேசியது, அதனால் எல்லாப் பட்டியலிலும் முதலில் நிற்கிறது. தகுதியானதுதான். ஆனால் ஃபிளாஷ் பெயரில் வந்த அந்தப் பாட்டில் ஃபிளாஷின் கைவேலை ஏறக்குறைய கிடையாது.

அதே 1982-இல் ஆஃப்ரிகா பம்பாட்டாவின் 'பிளானட் ராக்'. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவின் மெட்டையும், ரோலண்ட் டிஆர்-808 என்ற டிரம் மெஷினையும் சேர்த்தார்கள். இதை போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். 808-இன் கீழ்ஸ்தாயி 'தூம்' சின்ன ஸ்பீக்கரில் காணாமலே போய்விடும். நல்ல ஹெட்ஃபோனில் அது நெஞ்சில் விழும். இன்றைய 'டிராப்' வகை ராப் பாட்டுகளின் அடித்தளம் அந்த 'தூம்'தான். அடுத்த ஆண்டு ரன்-டிஎம்சியின் 'சக்கர் எம்சீஸ்' இன்னும் துணிச்சலானது. பேஸ் இல்லை, கீபோர்டு இல்லை. டிரம் மெஷின், கொஞ்சம் ஸ்கிராட்ச், குரல். அவ்வளவே.

இப்போது குரலுக்கு வரலாம். அர்த்தத்தைத் துரத்தாமல் இயைபு எங்கே விழுகிறது என்று பாருங்கள். பழையவர்களிடம் அது பெரும்பாலும் வரியின் கடைசியில், தாளத்தின் நாலாவது அடியில் விழும். வரப்போவது தெரியும், கூட்டமும் சேர்ந்து கத்தலாம். 1987-இல் 'பெய்ட் இன் ஃபுல்' ஆல்பத்தில் ராப்பர் ராக்கிம் அதை வரிக்குள்ளே இழுத்துவந்தார். சாக்ஸஃபோன் வாசித்துப் பழகியவர். ஒரு வரியை முடிக்காமலே அடுத்ததற்குள் வழுக்கிப்போவார். எதுகை, மோனையில் ஊறிய காதுக்கு இந்த வித்தியாசம் ஒரு தடவை கேட்டாலே பிடிபடும். இதற்குப் பிறகு வந்தவர்களில் ராக்கிமுக்குக் கடன்படாதவர் அரிது.

தமிழிலும் இதே பழைய ரெக்கார்டு வழிதான். மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவினரோடு 2006-இல் 'வல்லவன்' ஆல்பத்தில் 'நிழல்கள்' படத்தின் 'மடை திறந்து' பாட்டை எடுத்து அதன்மேல் ராப்பை ஏற்றினார். பழைய ரெக்கார்டுக்குள் தனக்கு வேண்டியதைத் தேடும் ஹெர்க்கின் பழக்கம், இளையராஜா வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

கடைசியாக, ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' (1970), ஒன்பது நிமிட நீள வடிவம். பொறுமை வேண்டும். ஐந்தரை நிமிடம் வாக்கில் மற்றவர்கள் ஒதுங்க, டிரம்மர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு தனியே வாசிப்பார். இருபது நொடிதான். வலது கையின் ஹை-ஹாட் சிம்பலை விட்டுவிட்டு ஸ்னேர் டிரம்மை மட்டும் கவனியுங்கள்: பெரிய அடிகளுக்கு நடுவே, காதில் விழுந்தும் விழாமலும், முணுமுணுப்பாகச் சின்ன அடிகள் இருக்கும். பப்ளிக் எனிமி தொடங்கி எத்தனையோ பேர் இந்தத் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டார்கள். பாட்டின் உரிமை ஜேம்ஸ் பிரவுன் பெயரில். ஸ்டபிள்ஃபீல்டு 2017-இல் இறந்தார். அந்த இருபது நொடிக்கு அவருக்கு ராயல்டி வந்ததில்லை.