பைசா என்று சொன்னால் போதுமா?

தெலுக் இந்தானுக்கு வந்து செல்வோர் எழுதும் பயணக் கட்டுரைகளில், “இது மலேசியாவின் பைசா கோபுரம்” என்னும் வாக்கியம் தவறாமல் இடம்பெறுகிறது. நம் மாணாக்கரும் அதையே எழுதுகின்றனர். உவமை கூறுவது குற்றமன்று. உவமையோடு நின்றுவிடுவதே குற்றம்.

இத்தாலியின் பைசா கோபுரம், 1173-இல் தொடங்கப்பெற்ற தேவாலய மணிக்கூண்டு. நம்முடையது, 1885-இல் லியோங் சூன் சோங் என்னும் சீனக் குத்தகையாளர் கட்டியது. வெளியே எட்டு அடுக்குகளாகத் தோன்றினும் உள்ளே இருப்பவை மூன்றே. மணி காட்டியதோடு, மேலிருந்த தொட்டியில் ஊராருக்குத் தண்ணீரும் தேக்கி வைத்தது. மணியடிக்க எழுந்ததும் தண்ணீர் தேக்க எழுந்ததும் ஒன்றாகா. இவ்வேற்றுமையைக் கட்டுரையாளர் பெரும்பாலும் சொல்வதில்லை.

உண்மையான ஒற்றுமையோ மண்ணில் உள்ளது. ஆர்னோ ஆற்றுச் சமவெளியின் மென்மண் அதனைச் சாய்த்தது. பேராக் ஆற்றங்கரையின் மென்மண் இதனைச் சாய்த்தது. பைசாவைக் காக்க முனைந்த அறிஞர்கள் 1990-இல் கோபுரத்தை மூடி, அடிமண்ணைச் சிறிது சிறிதாக அகழ்ந்து சாய்வைக் குறைத்து, 2001-இல் மீண்டும் திறந்தனர். அவர்கள் முதலில் ஆராய்ந்தது மண்ணையே. ஆற்றையும் மண்ணையும் பாராமல் கோபுரத்தை மட்டும் பார்ப்பது அரைப் பார்வையே ஆகும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் நகர்களில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, தம்முடையதென்று சொல்ல ஓர் ஊர் வேண்டும். ஊரைப் பிறிதோர் ஊரின் நிழலாகவே காட்டினால் அப்பற்று எங்ஙனம் வளரும்? ஆசிரியர்கள் பிள்ளைகளை முதலில் ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்லட்டும். பிறகு கோபுரத்தைக் காட்டட்டும். கட்டுரை தானே திருந்தும்.