வீட்டுக்காரர்

தமிழில் வாடகைக்கு விடுபவரும் ‘வீட்டுக்காரர்’, கணவனும் ‘வீட்டுக்காரர்’. சென்னையில் நான் வீடு தேடியபோது முன்னவர் விசாரித்தது பின்னவரைத்தான். அப்படி யாரும் இல்லை என்றதும், “ஃபேமிலிக்கு மட்டும்தாம்மா” என்றார்.

2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் பெயரிலேயே உரிமைகளும் பொறுப்புகளும் உண்டு. எடுத்துப் படித்தேன். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வேறு உடன்பாடு இல்லையெனில் முன்பணம் மூன்று மாத வாடகை. உரிமையாளர் உள்ளே வர, 24 மணி நேரம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். தண்ணீர், மின்சாரத்தை நிறுத்தக் கூடாது. எல்லாம் நல்ல விதிகள்.

ஆனால், அவை கையெழுத்துக்குப் பிறகே தொடங்குகின்றன. தனியாக வாழும் பெண் என்பதால் வீடு மறுப்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. வாடகைதாரர் ஆனால்தான் எனக்கு உரிமை. ஆகவிடாதவருக்கோ எந்தப் பொறுப்பும் இல்லை.